இருபத்தேழாவது வாக்கியம்

ஜூன் 3, திங்கள்

இரண்டு வேலை என் வாயால் போயிற்று. மெட்ரிக் பள்ளியில் தாளாளரிடம் ஒரு வார்த்தை, கால் சென்டரில் டீம் லீடரிடம் ஒரு வார்த்தை. இந்த மூன்றாவது வேலையில் சொல்லத் தோன்றுவதையெல்லாம் இந்த நோட்டில் எழுதிவிட்டு வாயை மூடிக்கொள்வதாக முடிவு. ஐந்து வாரம்தான். ஜூலை 12 சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கே ஒரு அறை, ஒரு பயிற்சி மையம், அரசாங்கத் தேர்வு. அதுவரை திருப்பூர்.

கம்பெனியில் குழந்தைகள் பனியன் தைக்கிறார்கள். நூற்றெழுபது பெண்கள். ஹெச்.ஆர். சென்னியப்பன் தொப்பைக்கு மேலே பெல்ட் கட்டியவர், தன்மையாகப் பேசுகிறார். ஜூலை 9 அன்று பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் ஒரு அம்மா ஆடிட்டுக்கு வருகிறார். கம்பெனி தொழிலாளிகளை எப்படி வைத்திருக்கிறது என்று தொழிலாளிகளிடமே கேட்பாராம்.

"போன தடவை மொழிபெயர்ப்புக்குன்னு ஒரு பொண்ணு கூட வந்துச்சுங்க. நம்ம பொம்பளைக ஒரு வரி சொன்னா அது நாலு வரி சொல்லுது. அதான் இந்தத் தடவை எங்க ஆளுகளே இங்கிலீஷ்ல பேசுவாங்கன்னு மெயில் போட்டுட்டேன்" என்றார்.

"பேசுவாங்களா சார்?"

"அதுக்குத்தானே நீங்க."

நாற்பது வாக்கியங்கள் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாம் 'ஹேவ்', 'ஹேஸ்' போட்டவை. மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். தீயணைப்புப் பயிற்சி முடிந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டிருக்கிறது. செய்தாயிற்று என்று இருக்கும், எப்போது என்று பெரும்பாலும் இருக்காது. இங்கிலீஷில் அதற்கென்றே ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர்.தான் கண்டுபிடித்திருப்பான்.

இதை அவரிடம் சொல்லவில்லை. நோட்டு வேலை செய்கிறது.

ஜூன் 5, புதன்

முதல் வகுப்பு. கேன்டீனில், சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். பொறுக்கி எடுத்த இருபத்திரண்டு பெண்கள். முன் பெஞ்சில் செக்கிங்கில் இருக்கும் ரங்கநாயகி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் ரங்கக்கா என்கிறார்கள். துணியில் ஓட்டை தேடிப் பழகிய கண். என்னையும் ஒரு தரம் அப்படித்தான் மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றேன். "மூன்று வருடமாக இங்கே வேலை செய்கிறேன்."

"ஏனுங்க தம்பி, 'ஹேவ்'னா வெச்சிருக்கறதுன்னு அஞ்சாவதுல சொல்லிக் குடுத்தாங்க. செஞ்ச வேலையை எங்கீங்க வெச்சிருக்கறது?"

"அது... அப்படி இல்லக்கா. முன்னாடி ஆரம்பிச்சது, இன்னமும் நடக்குதுன்னு அர்த்தம்."

"மூட்டு வலி மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். மூட்டு வலிக்கு அந்த இலக்கணம் சரியாகப் பொருந்துகிறது.

ஜூன் 6, வியாழன்

சட்டை துவைத்தேன். காலர் அழுக்கு போகவில்லை. நேற்று ரங்கக்கா பார்த்தது அதைத்தான் போலிருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

மூன்று வகுப்பாகியும் ஒன்றும் ஏறவில்லை. "ஐ ஹேஸ்" என்கிறார்கள், "ஷி ஹேவ்" என்கிறார்கள். மனப்பாடம் செய்தது அடுத்த நாள் சாப்பாட்டோடு செரித்துவிடுகிறது. எனக்குக் கோபம் வந்து போர்டில் சாக்பீஸை உடைத்தேன். யாரும் பயப்படவில்லை.

பின் பெஞ்சிலிருந்து ஓவர்லாக் மெஷின் ஓட்டும் சிந்தாமணி எழுந்தார். முப்பத்து நாலு வயது, அதிகம் பேசாதவர்.

"மொத்தமா தெச்ச துணியைக் காட்டி இதே மாதிரி தைன்னா எப்படி சார் தெக்கறது? பிரிச்சுக் குடுங்க. கழுத்து தனியா, உடம்பு தனியா, கீழ்மடிப்பு தனியா."

எனக்குப் புரியவில்லை. அவரே கட்டிங் பிரிவுக்குப் போய்ப் பழைய பேட்டர்ன் அட்டைகளைக் கொண்டுவந்து மூன்று நீளத் துண்டாக வெட்டினார். ஒன்றில் யார்: ஐ, வி, ஷி, ஹி, தே. நடுவில் என்ன ஆயிற்று: ஹேவ் ஒர்க்ட், ஹேஸ் பீன், ஹேவ் கிவன். மூன்றாவதில் எங்கே, எதிலிருந்து, யாரோடு: இன் தி கேன்டீன், சின்ஸ் மார்ச், வித் மை சைல்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் வாக்கியம்.

அதன் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. 'ஷி'க்குப் பக்கத்தில் 'ஹேவ்' வந்து நின்றால் ரங்கக்கா அட்டையைத் தட்டி, நிறம் ஒட்டாத துணிக்குச் சொல்வது போலவே "ஷேடு மாறுது பாரு, பிரி" என்கிறார். அரை மணி நேரத்தில் அறுபது வாக்கியம் தைத்தார்கள். சில அர்த்தமில்லாதவை. 'தீயணைப்புக் கருவி என் குழந்தையோடு மார்ச்சிலிருந்து கேன்டீனில் இருக்கிறது.' இதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

ஐந்து வருடம் பி.ஏ.வும் பி.எட்.டும் படித்ததில் இது இல்லை. அட்டை என் யோசனை என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சமயம் வாய்க்கவில்லை.

ஜூன் 12, புதன்

வாக்கியம் இருபத்தேழு: "மை சைல்டு ஹேஸ் பீன் இன் தி கிரெச் சின்ஸ் மார்ச்." என் குழந்தை மார்ச் முதல் காப்பகத்தில் இருந்துவருகிறது.

"காப்பகம் எங்கேக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

ரங்கக்கா தன் மோவாயால் காட்டினார். கேன்டீனுக்கு எதிரே பூட்டிய அறை. மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் ஒரு யானைப் படம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி.

"போன ஆடிட்டுக்குப் பொட்டியெல்லாம் வெளிய வந்துச்சு. புள்ளைகளை ஒரு நாளைக்குக் கூட்டியாறச் சொன்னாங்க. ஆளுக்கொரு பிஸ்கோத்து. ஆடிட்டு போச்சு, பொட்டி உள்ள போச்சு."

"புள்ளைங்க?"

"ஒறம்பரையா விருந்துக்கு வந்த புள்ளைக, ஊட்டுக்குப் போச்சு."

முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். இவர்கள் நூற்றெழுபது பேர். குழந்தை உடுப்புத் தைக்கிற கையில் குழந்தையை வைத்துக்கொள்ள இடம் கிடையாது, அந்த உடுப்பு போகிற பெட்டிக்கு இடம் உண்டு. ஊரையே கூட்டி வைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. இங்கே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன், கெட்ட வார்த்தை அதிகம்.

ஜூன் 13, வியாழன்

இருபத்தேழை நடத்தினேன். எல்லாருக்கும் சரளமாக வந்தது.

ஜூன் 14, வெள்ளி

சிந்தாமணிக்கு மட்டும் வரவில்லை. "மை சைல்டு" வரை வந்து நிற்கிறார். வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும் கேட்டேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். ஓவியா, பதினொரு வயது. மகிழன், மூன்று. பையனைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் மே மாதம் ஈரோட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். பால்வாடி பத்து மணிக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடுகிறது. இவர் எட்டு மணிக்கே மெஷினில் உட்கார வேண்டும். வீட்டுக்காரர் கேரளாவில் சாலை வேலை.

"ஓவியாதான் பாத்துக்கறா. ஆறாவது சேத்தியாச்சு சார், யூனிபார்ம் தெச்சாச்சு. ஒரு நாள்கூடப் போகலை. டீச்சர் போன் பண்ணுனாங்க. ஜூலை பதினஞ்சுக்குள்ள வரலைன்னா அந்த எடத்தை வேற புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம்."

"நீங்க ஹெச்.ஆர்.கிட்டக் கேட்க வேண்டியதுதானே? சட்டமே இருக்குக்கா."

"கேட்டனுங்க. பாக்கலாம்னாரு. ரெண்டு வருசமா பாத்துக்கிட்டிருக்காரு."

டம்ளர் எடுக்க வந்த ரங்கக்கா நின்று கேட்டிருக்கிறார். "தம்பிக்குத்தான் சட்டமெல்லாம் தெரியுதே. தம்பியே போயிக் கேக்கட்டும். நாலு எழுத்துப் படிச்சவங்க சொன்னா எடுபடும்."

கேட்கத்தான் போகிறேன். திங்கட்கிழமை.

ஜூன் 17, திங்கள்

கேட்டேன். சென்னியப்பன் உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "உங்களை மாதிரிப் பசங்கதான் தம்பி நாட்டுக்கு வேணும்" என்றார். ஷிப்மென்ட் முடியட்டும், பார்க்கலாம் என்றார். பிறகு கழிப்பறை பற்றிப் புதிதாக மூன்று வாக்கியங்கள் கொடுத்தார். நாற்பத்து மூன்று ஆயிற்று.

டீ நன்றாக இருந்தது. இஞ்சி போட்டிருந்தார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

"என்னங்க தம்பி, கேட்டீங்களா?"

"கேட்டேன்க்கா. பாக்கலாம்னார்."

"டீ குடுத்தாங்களா?"

தலையை ஆட்டினேன். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. "எங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்கலைங்க. படிப்பு படிப்புத்தான்" என்றார் ரங்கக்கா.

ஜூன் 21, வெள்ளி

இன்று ஒரு தகராறு. கம்பெனியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அட்டையில் 'தே'யை நகர்த்துகிறார்கள். அவர்கள் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் தொட்டியைக் கழுவியிருக்கிறார்கள். சென்னியப்பன் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு 'தே' கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கும் 'வி' வர வேண்டும். நாங்கள் ஒரே குடும்பம்.

"அப்ப அந்த 'வி'க்குள்ள நாமளும் உண்டுங்களா?" என்று சிந்தாமணி கேட்டார்.

நாம், நாங்கள் என்று தமிழில் இரண்டு இருக்கிறது, இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று விளக்கினேன். கேட்கிறவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று அதில் தெரியாது.

"வசதியான பாசை" என்றார் ரங்கக்கா. "சம்பளம் போடையில நாங்கள், ஆடிட்டு வந்தா நாம்."

எனக்குத் தோன்ற வேண்டியது. வகுப்புக்கு வருகிறவர்களெல்லாம் எனக்கு முன்னால் சொல்லிவிடுகிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தேர்வுப் புத்தகம் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டு வாசலில் ஒரு சிறுமி. யூனிபார்ம் பாவாடையை மடியில் விரித்து மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பையன் மண்ணில் உருண்டான். அவள் யார் என்று நான் விசாரிக்கவில்லை.

புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்தேன்.

ஜூன் 28, வெள்ளி

பெட்டிகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. அறைக்கு மஞ்சள் பெயின்ட். யானைக்குப் பக்கத்தில் ஒரு முயல் வரைந்திருக்கிறார்கள், அதற்கு மூன்று காது மாதிரித் தெரிகிறது.

பன்னிரண்டு தாய்மார்கள் ஆடிட் அன்று குழந்தையைக் கூட்டி வர வேண்டும் என்று பட்டியல். ஒத்திகைக்காக இன்றே ஒரு மணி நேரம் கொண்டுவந்தார்கள். லைன் வீட்டு வாசலில் மண்ணில் உருண்ட பையன்தான் மகிழன். வந்ததும் என் பேட்டர்ன் அட்டையில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். பிடுங்கினால் அழுகிறான். அட்டையோடு தூக்கி வைத்துக்கொண்டு வகுப்பை முடித்தேன். 'ஹேஸ் பீன்' பாதிக்கு மேல் ஊறிவிட்டது.

"தம்பிக்குக் கை பழகிருச்சு. சீக்கிரம் பொண்ணு பாக்கோணும்" என்றார் ரங்கக்கா.

அவரும் சிந்தாமணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்கும் விஷயமாக இருக்கும். அவர்கள் பக்கத்துப் பெண் யாராவது என்றால் நான் தெளிவாக மறுத்துவிட வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

சென்னியப்பன் ஒரு புதுப் பதிவேட்டைக் கொடுத்து, மார்ச் முதல் ஜூன் வரை காப்பக வருகையை எழுதச் சொன்னார். "உங்க கையெழுத்து மணிமணியா இருக்குதுங்க தம்பி."

முடியாது என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஜூலை 12 ஞாபகம் வந்தது. பத்து நாள்.

கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். எல்லா நாளும் எல்லாரும் வந்தால் நம்ப மாட்டார்கள் என்று நடுநடுவே விடுப்பு வைத்தேன். மகிழனுக்கு மார்ச்சில் இரண்டு நாள் காய்ச்சல், ஏப்ரலில் ஒரு மொட்டை. பொய் என்றாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.

ஒவ்வொரு நாளுக்கும் கீழே 'பொறுப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கட்டம். ரங்கக்கா செக்கிங் மேஜையை விட்டு எதற்கோ வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இதுல யாரு கையெழுத்துங்க?"

"யாராவது. கிறுக்கி வைக்கச் சொன்னாருக்கா."

"கிறுக்குனா ஒரு நாளைப் போல ஒரு நாள் வராதுங்க தம்பி. அந்தம்மா கண்ணுல வெரலை வுட்டுப் பாக்கும். கைக்குப் பழகுன கையெழுத்தாப் போட்டா ஷேடு மாறாது."

நியாயம்தான். அவர் தொழிலே அது. என் கையெழுத்தையே போட்டேன். வேகமாக வந்தது. நாலு மாதமும் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. எவன் பார்க்கப் போகிறான், ஜெயசீலன் என்று அதில் படிக்கவா முடிகிறது.

ஜூலை 4, வியாழன்

ஒரு நல்ல விஷயம். பட்டியலில் இல்லாத வாக்கியத்தை அவர்களாகவே கேட்டார்கள்.

"'நம்ம புள்ளைகளைப் பாத்துக்கிட்டு வர்றாரு'ன்னா எப்படிங்க தம்பி?" ரங்கக்கா கேட்டார்.

"ஆடிட்டுக்கு ஆயாதானேக்கா வர்றாங்க? அப்ப 'ஷி'."

"நீங்க 'அவரு'ன்னே குடுங்க. எங்களுக்கு அதும் பழகோணுமில்ல."

"ஹி ஹேஸ் லுக்ட் ஆஃப்டர் அவர் சில்ட்ரன் சின்ஸ் மார்ச்" என்று அட்டையில் வைத்துக் காட்டினேன். ரங்கக்கா இருபது முறை சொல்லிப் பார்த்தார். சிந்தாமணி உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். இருபத்தேழும் அவருக்கு இப்போது தட்டாமல் வருகிறது.

மாணவர்கள் தாமாகக் கேள்வி கேட்பதுதான் ஆசிரியனின் வெற்றி என்று பி.எட்.டில் படித்தது உண்மைதான்.

ஜூலை 9, செவ்வாய்

ஆடிட்.

வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, தட்டைச் செருப்பு, கையில் ஒரு நோட்டு. என்னைப் போல எல்லாவற்றையும் எழுதுகிறார். சில இடங்களில் விளங்காவிட்டால் சொல்வதற்கு என்று சென்னியப்பன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மாஸ்க், தொட்டி, கழிப்பறை எல்லாம் தாண்டியாயிற்று. நம் பெண்கள் ஒரு தையல்கூட விடவில்லை. "வி ஹேவ்", "வி ஹேவ்" என்று கேட்டுக் கேட்டு எனக்கே பாதி நம்பிக்கை வந்தது.

காப்பகத்துக்கு வந்தோம். பன்னிரண்டு குழந்தைகள், பாய், பொம்மை, மூன்று காது முயல். நடுவில் சரசா ஆயா. சென்னியப்பன் ஒரு நாளைக்கு மட்டும் பேசிக் கூட்டி வந்தவர். புது நீலப் புடவையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் அடுத்துப் பேட்டிக்குப் போக வேண்டிய ரங்கக்காவும் சிந்தாமணியும்.

அந்த அம்மா குனிந்து மகிழனைக் காட்டி, இவன் பெயர் என்ன என்று ஆயாவைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"கண்ணு" என்றார் ஆயா.

அடுத்த குழந்தை?

"அதும் கண்ணுதானுங்க. எல்லாத்தையும் கண்ணுன்னுதான் கூப்புடறது."

அதை நான் எப்படியோ மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சிரித்தபடி பதிவேட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். கையொப்பத்தில் விரலை வைத்து, இது உங்களுடையதா என்று கேட்டார். ஆயா தன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எனக்குக் கைநாட்டுங்க."

சென்னியப்பனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்படியானால் இது யார் என்று கேட்டார்.

"ஹி" என்றார் ரங்கக்கா வாசலிலிருந்து. விரல் என்னை நோக்கி நீண்டது. "ஹி ஹேஸ் லுக்ட் ஆஃப்டர் அவர் சில்ட்ரன் சின்ஸ் மார்ச்."

"ஷி ஹேஸ் கம் டு ஹெல்ப் ஹிம்" என்றார் சிந்தாமணி, ஆயாவைக் காட்டி. அந்த வாக்கியத்தை நான் சொல்லித் தரவே இல்லை. அட்டையிலும் கிடையாது.

இதற்குள் மகிழன் எழுந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டு பையில் அட்டை இருக்கிறதா என்று தேடினான். அந்த அம்மா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் நோட்டில் என்னை ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். ஷேடு மாறவில்லை.

இது உண்மையா என்று என்னைக் கேட்டார்.

இரண்டு வேலையைத் தின்ற வாய் இது. "எஸ்" என்றது.

அவர் என்னையும் குழந்தைகளையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார். ஒரு ஆண் இந்தப் பொறுப்பில் இருப்பதை இங்கேதான் பார்க்கிறேன், அறிக்கையில் தனியாக எழுதுவேன் என்றார். செப்டம்பர் முடிவதற்குள் சொல்லாமல் ஒரு நாள் வருவேன், முதலில் இந்த அறைக்குத்தான் வருவேன் என்றும் சொன்னார்.

அவர் கார் வெளியே போனதும் சென்னியப்பன் ரங்கக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, நீங்க வாயெடுக்கலைன்னா கம்பெனி இன்னைக்கு முடிஞ்சிருக்கும்."

"நாம எல்லாம் ஒரே குடும்பமில்லீங்க சார்" என்றார் ரங்கக்கா.

ஜூலை 10, புதன்

சென்னைக்குத் துணி எடுத்து வைக்கலாம் என்று இருந்தேன். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட ஏழே முக்காலுக்குக் கம்பெனிக்குப் போனேன். கையெழுத்து என்ற சொல்லே இனி எனக்கு ஆகாது.

காப்பக வாசலில் இரண்டு பேர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே போக வழியில்லை. படியில் பன்னிரண்டு தாய்மார்களும் நேற்று மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள், இடுப்பில் குழந்தை, கையில் தூக்குப் போசி.

சென்னியப்பன் ஓடி வந்தார். "ஆடிட்டு நேத்தே முடிஞ்சுதே அம்மிணி. எதுக்குப் புள்ளைகளைக் கூட்டியாந்தீங்க?"

சிந்தாமணி எழுந்தார். மகிழனை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டார்.

"மை சைல்டு ஹேஸ் பீன் இன் தி கிரெச் சின்ஸ் மார்ச்" என்றார். "மார்ச்சுலருந்து உள்ள இருக்கற புள்ளைங்க சார். இன்னைக்கு மட்டும் எப்படி வெளிய இருக்கறது?"

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். படியோரம் நின்ற ரங்கக்காவைப் பார்த்தார். நேற்றுக் கும்பிட்ட கை பாதி மேலே வந்து நின்றது. லைனில் மெஷின்கள் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மற்ற எல்லாரும் ஜன்னலில் இருந்தார்கள்.

"அந்தம்மா படம் புடிச்சிருக்குதுங்க" என்றார் ரங்கக்கா மெதுவாக. "பேரெல்லாம் எழுதிக்கிட்டுப் போயிருக்குது. நாளைக்கே வந்தாலும் வரும்."

அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. 'அவரு'ன்னே குடுங்க. கைக்குப் பழகுன கையெழுத்தாப் போடுங்க. பெண் பார்க்கும் விஷயம் என்று நினைத்தேனே. என்னைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து மடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள், நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"தம்பி, சித்த உள்ள இருங்க" என்றார் சென்னியப்பன், பல்லைக் கடித்துக்கொண்டு. "செப்டம்பர் வரைக்கும்."

இந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் இருந்தேன். பிறகு வாயைத் திறந்துவிட்டேன்.

"பன்னிரண்டு பேரை நான் தனியாப் பார்க்க முடியாது சார். சரசா ஆயாவை வரச் சொல்லுங்க. பாலும் மதியச் சாப்பாடும் வேணும். சின்னப் பிள்ளை உள்ள மத்தவங்களும் நாளைக்குக் கூட்டி வருவாங்க. இந்தப் பெட்டியெல்லாம் உங்க ரூம்ல வைங்க, இடம் இருக்கு."

இந்த வாயால் வேலை போகாதது இதுதான் முதல் தடவை. போனால் நிம்மதி என்று நினைக்கும்போது பார்த்து.

ஜூலை 11, வியாழன்

"நாளைக்கு ரயிலுங்களா தம்பி?" ரங்கக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டார். டிக்கெட் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

"ஆமா."

"போயிட்டு வாங்க. உங்க பொழப்பைக் கெடுக்க எங்களுக்கென்ன. அந்தம்மா வந்து கேட்டா, 'ஹி ஹேஸ் கான்'னு சொல்லிக்கறோம். சரிதானுங்களே அது?"

"சரிதான்."

"எங்கன்னு கேட்டா என்னங்க போடறது? 'டு சென்னை'யா, 'ஃபார் சென்னை'யா?"

மகிழன் என் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டான்.

ஜூலை 12, வெள்ளி

ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியதாம். செயலியில் காட்டுகிறது. தேர்வு ஜனவரியில்தானே. இங்கிருந்தும் படிக்கலாம். குழந்தைகள் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை தூங்குகிறார்கள். இதை ஒரு காரணமாக மட்டும் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

பதினாறு குழந்தைகள். சரசா ஆயா இப்போது எல்லாருக்கும் பெயர் சொல்கிறார், பாதி தப்பாக. நான் மூக்குத் துடைத்தேன், இரண்டு சண்டை தீர்த்தேன், ஒருத்தி என் தேர்வுப் புத்தகத்தில் அரசியலமைப்புப் பகுதி மேல் பாலைக் கொட்டினாள். முயலின் மூன்றாவது காதை மஞ்சள் பூசி மறைத்தேன்.

காலையில் சிந்தாமணி மகிழனை இறக்கிவிடும்போது அவசரமாக இருந்தார். கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"ஓவியா..."

"பள்ளிக்கூடம் போயிட்டா சார். பாவாடை ஒரு விரக்கடை சின்னதாப் போச்சு. மடிப்பை அவுத்து வுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். தட்டைக் கழுவிவிட்டு மெஷினுக்குப் போனார்.

செப்டம்பருக்குப் பிறகு என்ன என்று ரங்கக்காவைக் கேட்டேன். "அடுத்த ஆடிட்டு மார்ச்சுல வருதுங்க. அதுக்குள்ள உங்களுக்கு இன்னும் நாலு பொத்தான் போகும்" என்றார்.

சாயங்காலம் கடைசிக் குழந்தையும் போனதும் பதிவேட்டைத் திறந்தேன். மகிழன், வந்தான் என்று எழுதினேன். பதினாறு பேரையும் எழுதிக் கீழே கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நாலு மாதத்துக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. இந்த ஒரு நாளுக்கு ஒரு நாள் முழுக்க ஆகிவிட்டது.